பிஸ்டல் சுடுகிறவர்கள் கையில் வாங்கிக்கொள்ளும் காயங்கள்

மே மாதத்து வேலூர் வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே நின்று பத்துக் குண்டு சுடுவதற்குள் உள்ளங்கை நசநசத்துவிடும். பிடி வழுக்கும், வழுக்குகிறதே என்று இன்னும் இறுக்குவோம், ஈரத்தோல் மரப்பிடியின் சொரசொரப்பில் உரசி உரசிச் சாயங்காலம் பார்த்தால் கட்டைவிரல் அடியில் கொப்புளம். இறுக்கினால் வியர்வை நிற்காது, கைதான் நடுங்கும். ஏர் பிஸ்டல் போட்டியில் 60 குண்டுக்கு 75 நிமிடம் தருகிறார்கள். நடுநடுவே குழல் இலக்கைப் பார்த்தபடி துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு, பருத்தித் துண்டில் கையைத் துடைக்கலாம். தோல் மிருதுவாகட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு, அவர்களை என்ன சொல்வது!

தினமும் ஒரே இடம் சிவந்தால் பிடி உங்கள் கைக்குப் பொருந்தவில்லை. குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சிவந்த இடத்தில் குங்குமம் தொட்டு வைத்துப் பிடியுங்கள். மரத்தில் எந்த மேடு உரசுகிறதோ அங்கே பதியும். அதை மட்டும் உப்புத்தாளால் கொஞ்சமாகத் தேயுங்கள். இதைச் செய்யாமல் பிளாஸ்திரி மேல் பிளாஸ்திரி ஒட்டினால் பிடியின் அளவே மாறிப்போகும். ராணிப்பேட்டையும் ஆம்பூரும் பக்கத்தில் இருக்கிறதே என்று தடித்த தோல் கையுறை வாங்கி மாட்டினால் டிரிக்கர் விரலுக்குத் தட்டுப்படாது.

சிராய்ப்பை விட மோசமானது ஸ்லைடு கடி, அதாவது சுட்டதும் பின்னால் ஓடி வருகிற பிஸ்டலின் மேல்பாகம் கையைக் கிழிப்பது. .22 பிஸ்டலை முதன்முதலில் இரண்டு கையால் பிடித்தபோது இடது கட்டைவிரலை வலது கைக்குப் பின்னால் குறுக்கே போட்டிருந்தேன். சுட்டதும் ஸ்லைடு பின்னால் வந்த வேகத்தில் விரல் மேல் ஸ்கேல் வைத்துக் கிழித்தது போல இரண்டு இணைகோடு, ஒரு நொடி வெள்ளையாக இருந்து அப்புறம்தான் ரத்தம். சொல்லிக்கொடுத்தவர் மிலிட்டரியிலிருந்து வந்தவர், "இன்னாப்பா, கடிச்சிட்ச்சா? இனிமே மறக்க மாட்டே" என்றார். வலது கைக்காரர்களுக்கு இரண்டு கட்டைவிரலும் இடப்பக்கமாக, ஒன்றின் கீழ் ஒன்றாக முன்னோக்கி இருக்க வேண்டும். வலது கையையும் பிடியின் மேல் விளிம்பைத் தாண்டி ஏற்றாதீர்கள், ஏற்றினால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதை மாட்டும்.

சரி, அதே பழக்கத்தோடு ரிவால்வரைத் தொட்டீர்களோ, கதை தலைகீழ். குண்டுகள் இருக்கும் சுழல் உருளையான சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலுள்ள சின்ன இடைவெளி வழியாகக் கொதிக்கும் வாயு பக்கவாட்டில் பீறிடும். முன்னால் நீட்டிய கட்டைவிரல் அங்கே இருந்தால் தோல் வெறும் சூடு படுவதோடு நிற்காது, பிய்ந்தும் போகலாம். நம் ஊரில் லைசென்ஸ் வாங்குகிறவர்கள் வைத்திருக்கும் .32 ரிவால்வருக்கும் இதுதான். அதில் கட்டைவிரல்களைக் கீழே மடக்கிக்கொள்ளுங்கள், எந்த விரலும் சிலிண்டருக்கு முன்னால் போகக்கூடாது.

கொப்புளம் வந்துவிட்டால் ஊசியால் குத்தாதீர்கள். ஆறுகிற வரைக்கும் சுட வேண்டாம்.

இன்னொன்று, குண்டிலிருந்து கையில் ஒட்டுகிற ஈயம், அது விஷம். நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். ரேஞ்சிலிருந்து நேராகப் போய்ப் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்காமல், நகக்கண் வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உட்காருங்கள்.