ஒரே காக்டெயில், மூன்று காலம்: 1806, 1862, 1880 முறைகளில் விஸ்கி காக்டெயில் செய்வது எப்படி?

காக்டெயில் என்றதும் பழச்சாறு ஊற்றி, குட்டிக் குடை செருகிய நீளமான கிளாஸ்தான் பலர் கண்ணில் நிற்கும். அந்தச் சொல் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்த காலத்தில் அதில் பழச்சாறே கிடையாது. 1806-ல், நியூயார்க் மாநிலத்து ஹட்சன் நகரில் வெளிவந்த ஒரு பத்திரிகையில், தேர்தலில் தோற்ற வேட்பாளர் ஒருவரின் செலவுக் கணக்கு அச்சாகியிருந்தது. அதில் 'காக்டெயில்' என்றொரு வரி. அது என்ன என்று ஒரு வாசகர் கேட்டு எழுத, மே 13 இதழில் பதில் வந்தது: ஏதாவதொரு சாராயம், சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ். அவ்வளவுதான்.

இந்த நான்கில் சாராயத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். தண்ணீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காக்டெயில் கெட்டுப்போவது பெரும்பாலும் தண்ணீரில்தான். அடுத்த எழுபது, எண்பது ஆண்டுகளில் அமெரிக்க பார்டெண்டர்கள் இந்தப் பானத்தில் செய்த மாற்றங்களில் பெரியது, தண்ணீர் கிளாஸுக்குள் எந்த வழியாக வருகிறது என்பதுதான். அதனால் அதே நான்கு பொருளை மூன்று காலத்து முறையில் செய்து பார்க்கப் போகிறோம். முதன்முறையாகக் கலக்குபவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

கீழே உள்ள அளவுகள் ஒரு முழு கிளாஸுக்கு. மூன்றையும் ஒரே மாலையில் ஒப்பிட்டுப் பார்ப்பதானால் எல்லா அளவையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

வாங்க வேண்டியவை

விஸ்கி: ரை (ரை தானியத்தில் செய்தது) அல்லது போர்பன் (பெரும்பாலும் மக்காச்சோளத்தில் செய்தது), இரண்டும் அமெரிக்க வகைகள். கிடைத்தால் 50% ஆல்கஹால் உள்ளதை எடுங்கள். அமெரிக்காவில் 1897-ல் வந்த 'பாட்டில்ட் இன் பாண்ட்' சட்டம் குறைந்தது நான்கு ஆண்டு பழுத்த, 50% விஸ்கிக்கானது. அந்தச் சொற்கள் லேபிளில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் 42.8% தான் இருக்கும். அதுவும் சரிதான், தண்ணீரை மட்டும் குறைக்க வேண்டும். எங்கே, எவ்வளவு என்று அந்தந்த இடத்தில் வரும்.

பிட்டர்ஸ்: கசப்பு வேர்களையும் பட்டைகளையும் சாராயத்தில் ஊறவைத்து எடுக்கும் சாறு. வயிற்றுக்கு நல்லது என்று சொட்டுக் கணக்கில் விற்ற மருந்து அது. அதனாலேயே அன்று பலர் காக்டெயிலைக் காலையில் குடித்தார்கள். லண்டன் மருந்துக்காரர் ஸ்டௌட்டன் தன் பிட்டர்ஸுக்கு 1712-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். இன்று சுலபமாகக் கிடைப்பது அங்கோஸ்டுரா. வெனிசுவேலாவில் டாக்டர் சீகர்ட் 1824-ல் உருவாக்கியது. அந்த பாட்டிலை ஒருமுறை வேகமாகக் கவிழ்த்து உதறினால் விழுவது ஒரு 'டேஷ்', ஒரு மில்லிக்குச் சற்றுக் குறைவு. பாட்டில் நிறைந்திருக்கும்போது டேஷ் சிறியதாக விழும், காலியாக ஆகப் பெரிதாகும். கடைசிக் கால்வாசி பாட்டிலில் ஒரு டேஷ் குறைத்தே போடுங்கள்.

எலுமிச்சைத் தோல்: பழைய குறிப்புகள் சொல்வது தடித்த தோலுள்ள மஞ்சள் லெமனை. நம் நாட்டு எலுமிச்சையின் தோல் மெல்லியது, சீவினால் வெள்ளைச் சதையோடு வந்து கசக்கும். லெமன் கிடைக்காவிட்டால் ஆரஞ்சுத் தோல் போடுங்கள். கடைப் பழத்தில் மெழுகு பூசியிருப்பார்கள், வெந்நீரில் தேய்த்துக் கழுவிய பிறகே சீவ வேண்டும்.

பெக் அளவி, நீளக் கரண்டி, தடித்த கண்ணாடி டம்ளர், டீ வடிகட்டி, சமையல் தராசு. கலக்குவதற்கென்று தனிக் கருவி எதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

முதல் கிளாஸ்: 1806, ஐஸ் இல்லாமல்

1. டம்ளரில் ஒரு தட்டை டீஸ்பூன் சர்க்கரை போடுங்கள்.
2. அதன்மேல் 20 மி.லி. தண்ணீர் ஊற்றுங்கள். 42.8% விஸ்கி என்றால் 12 மி.லி. போதும்.
3. கரண்டியின் அடிப்பக்கத்தால் சர்க்கரையை நசுக்கிக் கரையுங்கள். டம்ளரைச் சாய்த்துப் பார்த்தால் அடியில் ஒரு மணிகூடத் தெரியக் கூடாது.
4. மூன்று டேஷ் பிட்டர்ஸ்.
5. 60 மி.லி. விஸ்கி. நான்கைந்து சுற்றுக் கலக்குங்கள்.

இந்த வரிசையை மாற்றாதீர்கள். சர்க்கரை தண்ணீரில் கரையும், ஆல்கஹாலில் சரியாகக் கரையாது. விஸ்கியை முதலில் ஊற்றிவிட்டால் பத்து நிமிடம் கலக்கினாலும் அடியில் மணல் மாதிரி தங்கும். முதல் மடக்கு கசக்கும், கடைசி மடக்கு திகட்டும். அன்றைய மதுக்கடைகளில் இதற்கென்றே சிறிய உலக்கை போல ஒரு மரக்குச்சி வைத்திருந்தார்கள். கூம்பாக வார்த்த கட்டிச் சர்க்கரையை உடைத்துப் போட்டு, அந்தக் குச்சியால் இடித்துத்தான் கரைப்பார்கள்.

குடித்துப் பாருங்கள். மருந்து வாடை தூக்கலாக, அறைச் சூட்டில், கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

இடையில் ஐஸ் வந்தது

அதே 1806-ல், அந்த வரையறை அச்சாவதற்குச் சில மாதம் முன்பு, பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடெரிக் டியூடர் மாசசூசெட்ஸ் குளத்து ஐஸைக் கப்பலேற்றி கரீபியன் தீவான மார்டினிக்குக்கு அனுப்பினார். ஊரே அவரைப் பைத்தியக்காரன் என்றது. 1820-களில் நத்தானியேல் வையத் குதிரை இழுக்கும் ஐஸ் கலப்பையை உருவாக்கிய பிறகு கட்டிகள் ஒரே அளவில் அறுபட்டன, இடைவெளியில்லாமல் அடுக்க முடிந்தது, மரத்தூள் மூடிய கப்பலில் உருகாமல் கடல் கடந்தன. 1833-ல் கல்கத்தாவுக்கு வந்தது, பிறகு மதராஸுக்கு. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று நாம் பார்க்கும் கட்டடம், 1842-ல் டியூடரின் ஐஸைச் சேமித்துவைக்கக் கட்டியதுதான். அந்த வட்டாரம் இன்றும் ஐஸ் ஹவுஸ்.

கடல் தாண்டி இவ்வளவு தூரம் ஐஸ் வந்தபோது, அமெரிக்க நகரங்களில் அது எவ்வளவு மலிவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பார்டெண்டர் கைக்கு ஐஸ் தாராளமாக வந்ததும் கிளாஸில் தனியாகத் தண்ணீர் ஊற்றும் வழக்கம் போய்விட்டது. உருகும் ஐஸே தண்ணீர் கொடுத்தது, குளிர்ச்சியையும் சேர்த்து.

இரண்டாம் கிளாஸ்: 1862, குளிரவைத்து வடிகட்டியது

ஜெர்ரி தாமஸ் 1862-ல் நியூயார்க்கில் வெளியிட்டது அமெரிக்காவில் அச்சான முதல் பார்டெண்டர் கையேடு. அதில் விஸ்கி காக்டெயிலுக்குச் சொல்வது: மூன்று நான்கு டேஷ் கோந்துப் பாகு (கோந்து கலந்த சர்க்கரைப் பாகு), இரண்டு டேஷ் பிட்டர்ஸ், ஒரு ஒயின் கிளாஸ் விஸ்கி, ஒரு துண்டு எலுமிச்சைத் தோல். அன்றைய ஒயின் கிளாஸ் அளவு இரண்டு அவுன்ஸ், அதாவது நம் கணக்கில் ஒரு லார்ஜ், 60 மி.லி.

முதலில் பாகு. 50 கிராம் அரபிக் கோந்துப் பொடியை 50 மி.லி. தண்ணீரில் ஓர் இரவு ஊறவையுங்கள். மறுநாள் 100 மி.லி. தண்ணீரில் 200 கிராம் சர்க்கரையை மெல்லிய தீயில் கரைத்து, ஊறிய கோந்தைக் கலந்து, தெளிந்ததும் இறக்கி வடிகட்டுங்கள். கொதிக்க விட்டால் நுரை பொங்கி அடங்காது. பொடியை நேரே சூட்டில் தூவினால் கட்டி தட்டும். நாட்டு மருந்துக் கடையில் கேட்டு வாங்குபவர்கள் பாதாம் பிசினை வாங்கி வந்துவிடாதீர்கள். அது கரையாது, ஜிகர்தண்டாவில் போடுவதுபோல ஊதிக்கொண்டு நிற்கும். கோந்து கிடைக்காவிட்டால் வெறும் சர்க்கரைப் பாகே போதும். நாக்கில் படும் வழவழப்பு மட்டும் குறையும்.

1. டம்ளரில் 5 மி.லி. பாகு, இரண்டு டேஷ் பிட்டர்ஸ், 60 மி.லி. விஸ்கி.
2. ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றி, சப்பாத்திக் கட்டையால் கடலைப் பருப்பு முதல் சுண்டைக்காய் வரையிலான அளவுக்கு உடையுங்கள். டம்ளரின் மூன்றில் ஒரு பங்குக்கு வரவேண்டும்.
3. கரண்டியின் முதுகு கண்ணாடியைத் தொட்டபடியே இருக்க, 20 முதல் 25 வினாடி சுற்றுங்கள். 42.8% என்றால் 15 வினாடி. ஐஸ் கலகலவென்று சத்தம் போட்டால் அடிக்கிறீர்கள் என்று அர்த்தம், கலக்கவில்லை.
4. உடனே சிறிய கிளாஸில் வடிகட்டுங்கள். கிளாஸை முன்பே ஃப்ரீசரில் வைத்திருக்க வேண்டும்.
5. இரண்டு விரல் நீளத்துக்கு எலுமிச்சைத் தோலைச் சீவி, மஞ்சள் பக்கம் பானத்தைப் பார்க்கும்படி பிடித்து மடக்குங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் பொடிப்பொடியாக எண்ணெய் தெறிப்பது தெரியும். பானத்தின் மேல் மெல்லிய பளபளப்பு படரும். தோலையும் உள்ளே போடுங்கள்.

விஸ்கி காக்டெயிலைக் குலுக்கச் சொல்கிறார் தாமஸ். பிராந்தி காக்டெயிலைக் கரண்டியால் கலக்கச் சொல்கிறார். புதிதாகச் செய்பவர்கள் இரண்டையுமே கலக்குவது நல்லது என்பது எங்கள் கருத்து. குலுக்கினால் காற்றுக் குமிழும் ஐஸ் துகளும் சேர்ந்து பானம் கலங்கிவிடும், தண்ணீர் எவ்வளவு சேர்ந்தது என்பதும் கைக்குப் பிடிபடாது.

தராசு இங்கேதான் உதவும். 50% விஸ்கியில் மேலே சொன்ன அளவுகள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 64 கிராம் இருக்கும். வடிகட்டிய பானத்தை நிறுத்துப் பாருங்கள். 79 முதல் 84 கிராம் வந்தால் 15 முதல் 20 கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கிறது, அதுதான் சரி. 42.8% என்றால் 10, 12 கிராம் போதும். 70 கிராமிலேயே நின்றால் தொண்டையில் எரியும், பிட்டர்ஸின் வாசனையும் எழாது. 90-ஐத் தாண்டினால் சளசளவென்று ஆகிவிடும். நான்கைந்து முறை நிறுத்துப் பார்த்தால் பிறகு தராசு தேவைப்படாது, கையே சொல்லிவிடும்.

அளவு தாண்டுவதற்கு வழக்கமான காரணம், வெளியே வைத்து வேர்த்துப்போன ஐஸ். அதன் மேலிருக்கும் ஈரம் குளிரைத் தராமல் தண்ணீரை மட்டும் சேர்க்கும். ஐஸைச் சல்லடையில் ஒரு உதறு உதறிப் போடுங்கள்.

பெயர் இல்லாதவர்கள்

ஜெர்ரி தாமஸின் பெயர் அச்சில் நின்றது, அதனால் நமக்குத் தெரிகிறது. அதே காலத்தில், அதற்கு முன்பும், இந்தக் கலையை வளர்த்த கறுப்பின பார்டெண்டர்கள் பலருக்கு அந்த வாய்ப்பே இல்லை. நியூயார்க்குக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் கேட்டோ அலெக்சாண்டர் நடத்திய விடுதிக்கு நகரத்தவர் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வர்ஜீனியாவின் ரிச்மண்டில் ஜான் டாப்னி அடிமையாக இருந்தபடியே மின்ட் ஜூலெப்புக்கு (புதினாவும் சர்க்கரையும் ஐஸும் சேர்த்த சாராயப் பானம்) பேர்போனவர். அப்படிச் சேர்த்த பணத்தில் மனைவியின் விடுதலையை வாங்கினார். கறுப்பின அமெரிக்கர் ஒருவரின் பெயரில் காக்டெயில் நூல் வருவதற்கு 1917 வரை, டாம் புல்லக் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. இவர்களைச் சொல்லாமல் இந்த வரலாற்றைச் சொல்வது சரியில்லை.

மூன்றாம் கிளாஸ்: 1880, 'பழைய மாதிரியே கொடுங்க'

1870-களில் காக்டெயிலில் மராஸ்கீனோ என்ற செர்ரி மதுவும் அப்சிந்த் என்ற சோம்பு வாசனைச் சாராயமும் சேர்த்து 'மேம்பட்ட' காக்டெயில் என்றார்கள். பிறகு மூலிகை சேர்த்த ஒயினான வெர்மூத் வந்தது. இதெல்லாம் பிடிக்காதவர்கள் பழைய மாதிரி காக்டெயில் கேட்கத் தொடங்கினார்கள். அதுவே பெயராகி ஓல்ட் ஃபேஷண்ட் ஆனது. அமெரிக்காவின் லூயிவில் நகரத்துப் பெண்டென்னிஸ் கிளப்பில் பிறந்தது என்று பல இடங்களில் படிப்பீர்கள். அந்த கிளப் தொடங்கியது 1881-ல். 1880-லேயே சிகாகோ பத்திரிகையில் 'ஓல்ட் ஃபேஷண்ட் காக்டெயில்' என்ற சொல் வந்துவிட்டது.

இதற்கு ஒரே பெரிய ஐஸ் கட்டி வேண்டும், முந்தின நாளே தயார் செய்யுங்கள். சின்ன தெர்மோகோல் பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை இறுக்கமாக வைத்து, தண்ணீர் நிரப்பி, மூடாமல் ஃப்ரீசரில் 18 மணி நேரம் விடுங்கள். பக்கமும் அடியும் மூடியிருப்பதால் குளிர் மேலிருந்து மட்டும் இறங்கும். மேல்பகுதி கண்ணாடி போல உறையும், காற்றும் அழுக்கும் அடியில் தேங்கும். முழுதும் உறைவதற்குள் எடுத்து மேல்பகுதியை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். குளத்து ஐஸ் தெளிவாக இருந்ததற்கும் இதே காரணம்தான், குளமும் மேலிருந்து கீழாகத்தான் உறைகிறது. தண்ணீரைக் கொதிக்கவைத்தால் தெளிந்த ஐஸ் வரும் என்பதில் பெரிய பலன் இல்லை.

1. கனமான கிளாஸில் ஒரு சர்க்கரைக் கட்டி (5 கிராம்). அதன்மேல் இரண்டு டேஷ் பிட்டர்ஸ், ஒரு டீஸ்பூன் தண்ணீர்.
2. நசுக்குங்கள். செங்கல் நிறத்தில் ஈரக் குழம்பாகி, பிறகு தெளிய வேண்டும்.
3. 60 மி.லி. விஸ்கி ஊற்றிக் கலக்குங்கள்.
4. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் கட்டியை இரண்டு மூன்று நிமிடம் வெளியே வைத்து, மேலே பூத்த வெண்மை மறைந்ததும் துடைத்துவிட்டுப் போடுங்கள். எடுத்தவுடன் போட்டால் படாரென்று வெடித்துத் துண்டாகும், வேகமாக உருகும்.
5. 20 சுற்று மெதுவாக. எலுமிச்சைத் தோலைப் பிழிந்து உள்ளே போடுங்கள்.

இதில் வடிகட்டுதல் கிடையாது, ஐஸ் கிளாஸிலேயே இருக்கும். அதனால் இரண்டாம் கிளாஸைப் போல 20 கிராம் தண்ணீர் வரும்வரை கலக்கக் கூடாது. ஆரம்பத்தில் சற்றுக் காரமாக இருக்கட்டும். ஐந்தாவது நிமிடத்தில் இனிப்பும் கசப்பும் ஒன்றுசேரும். இருபது நிமிடத்துக்கு மேல் போனால் தண்ணீர் ஜெயித்துவிடும், அதற்குள் முடித்துவிடுங்கள். ஆரஞ்சுத் துண்டையும் செர்ரியையும் சேர்த்து நசுக்கும் பழக்கம் பின்னால் வந்தது, இங்கே வேண்டாம்.

கைக்குப் பழகியதும் விஸ்கிக்குப் பதில் பிராந்தி வைத்து இரண்டாம் கிளாஸைச் செய்து பாருங்கள். தாமஸ் அதில் ஓரிரண்டு டேஷ் கியூரசாவ் (ஆரஞ்சுத் தோல் மது) சேர்க்கிறார். கியூரசாவே இனிப்பு என்பதால் பாகை 3 மி.லி.க்குக் குறைத்துவிடுங்கள். மீதிப் பாகைக் கொதிநீரில் கழுவிக் காயவைத்த பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஒரு மாதம் தாங்கும். மேலே புள்ளியாகப் பூசணம் தெரிந்தால் முழுதையும் கொட்டிவிடுங்கள். பிட்டர்ஸுக்கு ஃப்ரிட்ஜ் வேண்டாம்.