அடையாற்றங்கரையில் மண்ணடுக்கு வரைபவர்கள் சறுக்கும் இடங்கள்

சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் பக்கம் போர் போட்டு மண்ணடுக்குகளைக் குறுக்குவெட்டாக வரைந்து தரும் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். நாங்கள் டிரேசிங் தாளில் போட்ட அதே தப்புக் கோடுகளை அவர்கள் கணினியில் போடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். போர் எண்ணை மாற்றி எழுதுவது, ஜிபிஎஸ் புள்ளியைக் குழப்புவது எல்லாம் ஒரு முறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். அவற்றைச் சொல்லப் போவதில்லை.

லாரி மண்ணை ஆற்று மண் என்று எழுதுவது

செங்கல் துண்டும் பிளாஸ்டிக் கவரும் வந்தால் கொட்டிய மண் என்று யாருக்கும் தெரியும். ஏமாற்றுவது சவுடு. ஏதோ ஓர் ஏரியில் வெட்டி லாரியில் கொண்டுவந்து கொட்டியது, பார்க்க அசல் வண்டல் மாதிரியே இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு மனையை உயர்த்தியவர்கள் நிறைய. ஆறு படியவிட்ட மண்ணில் மெல்லிய வரிகள் தெரியும். சவுடு கட்டி கட்டியாகக் கலந்து கிடக்கும். தி. நகர் பக்கம் போனால் இன்னும் கவனம் வேண்டும். 1920களில் நகர் எழுந்தது பழைய நீண்ட ஏரியின் படுகையில். போர் எங்கே போடுவது என்று முடிவெடுக்கும் முன்பே பழைய வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள்.

தரையிலிருந்து ஆழத்தை வைத்து ஒப்பிடுவது

போர் போட்ட தரை எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் இருக்காது. ஆழங்களைக் கடல் மட்டத்துக்கு மாற்றிவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

இங்கேயும் சாம்பல் களி, அங்கேயும் சாம்பல் களி

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். இரண்டு போர் லாக்கிலும் (எந்த ஆழத்தில் என்ன மண் வந்தது என்று எழுதும் பதிவு) ஏறக்குறைய ஒரே மட்டத்தில் "சாம்பல் நிறக் களிமண்" என்று இருக்கும். உடனே நடுவில் ஒரு நேர்கோடு, உள்ளே ஒரே நிறம். படம் அழகாகத்தான் இருக்கும்.

இந்தப் பகுதியில் சாம்பல் களி ஒன்றல்ல. ஆறு கைவிட்ட பழைய வாய்க்காலில் தேங்கிய களி கறுத்து, மெத்தென்று, இலை மக்கிய நாற்றத்தோடு வரும். முகத்துவாரத்தை நெருங்கினால் கழிமுகக் களி. சிப்பித் துணுக்கு இருக்கும். கிண்டி, பரங்கிமலைப் பக்கம் அடியில் கிடப்பது சார்னோக்கைட் பாறை. அது மக்கியும் சாம்பல் களி வரும். ஆனால் அதற்கும் ஆற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

ஆற்றோர மனை ஒன்றில் பேஸ்மென்டுக்குத் தோண்டினார்கள். வேறொருவர் வரைந்த குறுக்குவெட்டில் முனைக்கு முனை உடையாத களி அடுக்கு. களி தண்ணீரை விடாது என்று நம்பி பம்பு ஏற்பாடுகூடச் சரியாக இல்லை. பாதி தோண்டியதும் பக்கச்சுவரில் தண்ணீரோடு மணல் கொப்பளித்தது. ராத்திரியோடு ராத்திரியாக அடுத்த வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் சாய்ந்துவிட்டது. பழைய சாம்பிள் பைகளைத் திறந்து பார்த்தபோது விஷயம் தெரிந்தது: ஒரு போரில் வந்தது வாய்க்கால் களி, மற்றதில் மக்கிய பாறை. நடுவில், போரே போடாத இடத்தில், மணல் நிரம்பிய பழைய ஓடை. 50 மீட்டர் இடைவெளியில் போர் போட்டால் 20 மீட்டர் அகல ஓடை தாராளமாக ஒளிந்துகொள்ளும்.

லாக்கிலேயே குறிப்பு இருந்தது, யாரும் படிக்கவில்லை. எஸ்பிடி என்பது மண் எவ்வளவு கெட்டி என்று குழாயை அடித்து இறக்கிப் பார்க்கும் சோதனை. அதில் 63.5 கிலோ சுத்தியல் 75 செ.மீ. உயரத்திலிருந்து விழுகிறது. குழாய் 45 செ.மீ. இறங்குவதில் முதல் 15 செ.மீ.யை விட்டுவிட்டு மீதி 30 செ.மீ.க்குச் சுத்தியல் எத்தனை முறை அடித்தது என்று எண்ணுகிறோம். ஒரு போரில் 3 முறை, மற்றதில் 30க்கு மேல் என்றால் அது எப்படி ஒரே களியாகும்?

சாம்பிள் குழாயைப் பிரித்ததும் களியைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். விரலில் தேய்த்தால் வாய்க்கால் களி வெண்ணெய் மாதிரி வழுக்கும். மக்கிய பாறைக் களியில் குவார்ட்ஸ் மணி நறநறக்கும், சில சமயம் நீலம் ஓடியிருக்கும். (வண்டலா களியா என்று பல்லில் கடித்துப் பார்க்கச் சொல்வார்கள். அடையாற்றில் அது வேண்டாம்.) நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் சிப்பி நுரைக்கும். சுக்கான் கட்டியும் (மண்ணிலேயே உருவாகும் சுண்ணாம்புக் கட்டி) நுரைக்கும் என்பதால் அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். எஸ்பிடி பெரும்பாலும் 1.5 மீட்டருக்கு ஒரு முறைதான். நடுவில் ஓடும் மெல்லிய மணல் சாம்பிளில் வராது. துளையிடும்போது ஊற்றி மேலே திரும்பி வரும் தண்ணீரின் நிறம் எப்போது மாறியது என்று போர்க்காரரிடம் கேளுங்கள், அவருக்குத் தெரியும்.

இவ்வளவு பார்த்தும் சந்தேகம் என்றால் விட்டுவிட்டு வரும் கோடாகப் போட்டு, மேலே ஒரு கேள்விக்குறி வையுங்கள். கிளையன்ட் முகம் சுளிப்பார். நடுவில் இன்னொரு போர் போட அவரிடம் காசு கேட்க அந்தக் கேள்விக்குறிதான் உதவும்.

மின்தடை அளவீட்டை அப்படியே நம்புவது

தரைக்குள் மின்சாரம் செலுத்தி, மின்தடையை வைத்து அடியில் என்ன மண் என்று ஊகிக்கும் முறை இது. முகத்துவாரத்தை ஒட்டி உப்புத்தண்ணீர் ஊறிய மணலும் களி மாதிரியே குறைந்த மின்தடை காட்டும். தரைக்கடியில் போகும் இரும்புக் குழாய்களும் கணக்கைக் கெடுக்கும். போரோடு ஒப்பிடாமல் வண்ணப்படத்தை ரிப்போர்ட்டில் ஒட்டாதீர்கள்.

போர் போட்ட கையோடு நீர்மட்டம் எடுப்பது

அது துளையிட நீங்கள் ஊற்றிய தண்ணீர்.

சாம்பிள் பைகளைத் தூக்கிப் போடுவது

ரிப்போர்ட் கொடுத்த மறுவாரமே இடம் போதவில்லை என்று கொட்டிவிடுகிறார்கள். அஸ்திவாரம் முடியும் வரையாவது வையுங்கள். பைக்கு வெளியே எழுதியது அழிந்துவிடும். உள்ளேயும் ஒரு சீட்டு, பென்சிலில்.