தடுப்பாற்றலியல் ஆய்வாளரின் கட்டுரைப் பட்டியலைப் படிக்கும் முறை

சிங்கப்பூரின் பயோபொலிஸ் ஆய்வகங்களிலோ டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியிலோ முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்க எண்ணும் மாணவர்கள், வழிகாட்டியாக வரக்கூடியவரின் கட்டுரைகளைப் பட்டியலிடும் கூகல் ஸ்காலர் பக்கத்தைத் திறந்ததும் வலப்புறம் தெரியும் மேற்கோள் எண்ணிக்கையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அதைக் கடைசியில் பார்க்கும்படியே நான் சொல்வேன்.

முதல் வேலை, அந்தப் பட்டியல் அவர் ஒருவருடையதுதானா என்று உறுதிசெய்துகொள்வது. நம்மவர் பெயர்களை எண்ணிப் பார்த்தாலே இதிலுள்ள சிக்கல் விளங்கிவிடும். குடும்பப்பெயர் இல்லாத நமக்குத் தகப்பனார் பெயர் ஒரு கட்டுரையில் முன்னெழுத்தாகவும் மற்றொன்றில் முழுப் பெயராகவும் அச்சாகிறது. தரவுத்தளங்களோ பெரும்பாலும் கடைசிப் பெயரையும் ஓரிரு முன்னெழுத்துகளையும் கொண்டு அடையாளம் காண்பதால், ஒரு குமார் இருவராகப் பிரிவதும் மூன்று குமார்கள் ஒருவராகச் சேர்வதும் உண்டு. லீ, வாங் போன்ற சீனப் பெயர்களில் இந்தக் குழப்பம் இன்னும் பெரிது. ஆகவே ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் வழங்க 2012இல் தொடங்கிய ஆர்கிட் அமைப்பின் 16 இலக்க எண் அவருக்கு இருந்தால், அதன் வழியே கிடைக்கும் பட்டியலை, மருத்துவக் கட்டுரைகளின் தேடுதளமான பப்மெட்டில் கிடைப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து, ஆசிரியர் வரிசையில் அவர் எங்கே நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். உயிர்மருத்துவத் துறைகளில் முதல் பெயர் சோதனைகளைப் பெரும்பாலும் செய்தவருடையது. கடைசிப் பெயர் ஆய்வை வழிநடத்தியவருடையது. 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும், தடுப்பாற்றல் கட்டுமீறிப் போகும் ஸ்கர்ஃபி எலிகளின் நோய்க்குக் காரணமான மரபணுவைப் பற்றி 2001இல் வெளியிட்ட கட்டுரையில் பிரன்கோ முதலிலும் ராம்ஸ்டெல் கடைசியிலும் இருக்கிறார்கள். இடையில் நிற்கும் பெயர்களின் பங்கை வெளியிலிருந்து அளப்பது கடினம். ஓர் ஆய்வாளரின் மேற்கோள்களில் பாதிக்கு மேல், நூறு பேர் கையெழுத்திட்ட கூட்டாய்வுகளில் இடைப்பெயராக நின்றதால் வந்தவை என்றால், அந்த எண் அவருடைய ஆய்வகத்தைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு.

மூன்றாவதாக, எந்த வகைக் கட்டுரை மேற்கோள்களைச் சேர்க்கிறது என்று பாருங்கள். பிறர் கண்டவற்றைத் தொகுத்துரைக்கும் ரிவியூ கட்டுரைகள், சொந்தச் சோதனைகளைத் தரும் கட்டுரைகளைவிட அதிகம் மேற்கோளாகும் இயல்புடையவை. நல்ல ரிவியூ எழுதுவதும் ஒரு திறமைதான். ஆனால் நீங்கள் கற்கப் போவது சோதனை மேசையில் அல்லவா? ஆண்டையும் கவனியுங்கள். கொவிட் காலக் கட்டுரைகளுக்கு வழக்கத்தை மீறிய மேற்கோள்கள் குவிந்தன. அவற்றுள் ஆழமான ஆய்வுகளும் உண்டு: 2003இல் சார்ஸ் நோயிலிருந்து மீண்டவர்களின் டி செல்கள் (நோய்த்தடுப்பு வெள்ளணுக்களில் ஒருவகை) 17 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கிருமியை நினைவில் வைத்திருந்ததைக் காட்டிய, டியூக்-என்யுஎஸ்ஸின் அந்தோனியோ பெர்டோலெட்டி குழுவினரின் 2020ஆம் ஆண்டுக் கட்டுரை அத்தகையது. அவசரத்தில் எழுதப்பட்டவையும் உண்டு. 2020க்கு முந்தைய பட்டியலைத் தனியே பார்த்தால் அவருடைய வழக்கமான வேகம் தெரியும்.

இதழின் தாக்கக் காரணியைக் கட்டுரையின் தரமாகக் கொள்வது நம்மிடையே ஊறிப்போன தவறு. ஓர் இதழ் முந்தைய இரு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டு பெற்ற மேற்கோள்களின் சராசரியே அது. சில கட்டுரைகளே அதைத் தூக்கிவிடக்கூடும். அதே நோபெல் பரிசைப் பெற்ற மூன்றாமவரான ஷிமோன் சகாகுச்சி, நோய்த்தடுப்பு அமைப்பைக் கட்டுக்குள் வைக்கும் டி செல்களை 1995இல் அடையாளம் காட்டியது ஜர்னல் ஆஃப் இம்யூனாலஜியில். புகழ் மிகுந்த நேச்சர் இதழிலோ சயன்ஸ் இதழிலோ அல்ல.

இனி எண்களுக்கு வரலாம். இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த எச் குறியீட்டெண் 20 என்றால், குறைந்தது 20 மேற்கோள்களைப் பெற்ற கட்டுரைகள் 20 இருக்கின்றன என்று பொருள். காலப்போக்கில் இந்த எண் ஏறுமே தவிரப் பொதுவாக இறங்குவதில்லை. ஆகவே மூத்தவரையும் புதியவரையும் இதைக்கொண்டு ஒப்பிடக் கூடாது. கூகல் ஸ்காலர் ஆய்வேடுகளையும், இதழில் வருமுன் இணையத்தில் இடப்படும் முன்பதிப்புகளையும் எண்ணுவதால் அதன் கணக்கு, கட்டணத் தரவுத்தளமான ஸ்கோப்பஸ் தரும் கணக்கைவிடப் பொதுவாகப் பெரிதாக இருக்கும். இருவரை ஒப்பிட்டால் ஒரே தளத்தில் ஒப்பிடுங்கள். பல்கலைக்கழக நூலகக் கணக்கு இருந்தால் ஸ்கோப்பஸில், அவர் தம் கட்டுரைகளைத் தாமே மேற்கோள் காட்டியவற்றை நீக்கியும் பார்க்கலாம். அமெரிக்க மருத்துவ ஆய்வு நிறுவனமான என்ஐஎச் இலவசமாக வழங்கும் ஐசைட் தளம் துறைக்கேற்பச் சரிசெய்த மேற்கோள் விகிதத்தைத் தருகிறது: அந்நிறுவன நிதியில் வெளிவந்த நடுத்தரக் கட்டுரைக்கு அது 1.

ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் தரவுத்தளத்திலும், வெளியான கட்டுரைகளை வாசகர்கள் விமர்சிக்கும் பப்பியர் தளத்திலும் ஒருமுறை தேடிவிடுங்கள். தம் பிழையைத் தாமே கண்டு கட்டுரையைத் திரும்பப் பெற்றவரை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். வெவ்வேறு கட்டுரைகளில் ஒரே படம் திரும்பத் திரும்ப வந்திருந்தால் அது வேறு கதை.

கடைசியாக, அவர் கடைசி ஆசிரியராக உள்ள சமீபத்திய கட்டுரைகளின் முதல் ஆசிரியர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களில் பலர் அவருடைய முன்னாள் மாணவர்களாக இருப்பார்கள். சேர்ந்து எத்தனை ஆண்டுகளில் முதல் கட்டுரை வந்தது, வரிசையில் தம் பெயர் எவ்வாறு முடிவானது என்ற இரு கேள்விகளை மட்டும் கேட்டு, அவர்களில் இருவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்.