மலைக் குளிருல சின்னப் பசங்களுக்கு சாப்பாட்டு மேனர்ஸ் பழக்குறது எப்படி?

குன்னூர், கோத்தகிரி பக்கம் இருக்கறவங்களுக்கு மொத வேலை ஸ்வெட்டர் கைதான். தட்டு வைக்கறதுக்கு முன்னாடியே முழங்கை வரைக்கும் மடிச்சு விட்டுருங்க, இல்லேன்னா பாதி ரசம் கம்பளிக்குள்ள போயிடும், இங்க அடிக்கற மிஸ்ட்டுல துவைச்சா காயவும் காயாது. கை கழுவ வெதுவெதுன்னு தண்ணி வைங்க, சில்லுன்னு குழாயத் திறந்து விட்டா எந்தப் புள்ள வரும், டவுசர்ல தொடைச்சுட்டு வந்து உக்காந்துக்கும்.

ரெண்டு மூணு வயசுல பத்து பதினஞ்சு நிமிஷம் ஒரே இடத்துல உக்காந்தாலே பெருசு. அதனால எல்லாத்தையும் எடுத்து வச்சுட்டு கடைசியா கூப்பிடுங்க. ஒவ்வொண்ணுலயும் வயசுக்கு ஒரு டேபிள்ஸ்பூன்னு கணக்கு வச்சு கொஞ்சமா போடுங்க, ரெண்டு வயசுன்னா ரெண்டு ஸ்பூன் சாதம், ரெண்டு ஸ்பூன் பொரியல். மலைல சோறு சட்டுன்னு ஆறிடும், குவிச்சு வச்சு அது ஜில்லுன்னு ஆனப்புறம் அடம் பிடிக்குதுன்னு திட்டி பிரயோஜனம் இல்ல. கொஞ்சமா வச்சாதான் "இன்னும் கொஞ்சம் போடும்மா", "போதும்மா"ன்னு வாய் தொறந்து சொல்லப் பழகும், அதுக்கு மேல என்ன மேனர்ஸ் வேணும்னு எனக்குத் தெரியல.

ஊட்டி, கொடைக்கானல்னாலே போர்டிங் ஸ்கூல் நிறைய, அதனாலயோ என்னவோ ஃபோர்க் பிடிக்கத் தெரிஞ்சா போதும்னு சிலர் நினைக்கறாங்க. கையால சாப்பிடறதுலயும் ஏகப்பட்ட ஒழுங்கு இருக்குங்க. விரலால பிசையணும், உள்ளங்கைல வழியக் கூடாது, சாப்பிடற கையை பொதுப் பாத்திரத்துல விடக் கூடாது, கரண்டி இடது கைல. ஒரு வாரத்துக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க, எல்லாத்தையும் ஒரே நாள்ல சொன்னா ஒண்ணும் ஏறாது, அப்பா ஃபோன நோண்டிக்கிட்டே சாப்பிட்டா சுத்தமா ஏறாது.

வாய்ல சோறோட பேசாத, சிரிக்காதன்னு சொல்றது வெறும் மரியாதைக்கு இல்ல, புரையேறும். நாலு வயசு வரைக்கும் பச்சை கேரட்டத் துண்டு துண்டா குடுக்காதீங்க, நம்ம ஊரு கேரட்டாவே இருந்தாலும் வேகவச்சோ துருவியோதான். முழு வேர்க்கடலையும் வேண்டாம்.

கல்யாணத்துக்குப் போறீங்கன்னா ரெண்டு நாள் முன்னாடி வீட்லயே இலை போட்டு உக்கார வைங்க. நுனி இடது பக்கம் வரணும், சாப்பிட்டு முடிச்சா இலைய தன் பக்கமா மடிக்கணும். பக்கத்துல பெரியவங்க முடிக்கற வரைக்கும் எந்திரிக்காம இருக்கறதுதான் கஷ்டம், பாயசத்தக் கடைசியா குடுங்க, அதுவரைக்கும் உக்காந்திருக்கும்.