சின்ன சோலார் பேனலில் பவர் பேங்க் சார்ஜ் ஏற்ற: குமரி மாவட்ட வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும்

2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் அடித்தபோது குமரி மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் போன் அணையாமலிருக்க ஒரு 20 வாட் பேனல் போதும்.

ஏன் 20? 10,000 எம்ஏஎச் பவர் பேங்கில் 3.7 வோல்ட் கணக்கில் 37 வாட் மணி இருக்கும். வீணாவதையும் சேர்த்தால் ஏறக்குறைய 45 தேவை. 10 வாட் பேனல் நல்ல வெயிலிலேயே 6, 7 வாட்தான் தரும். ஒரு பகலில் நிறையாது. மூடியிலேயே சோலார் ஒட்டி விற்கும் பவர் பேங்க் பக்கம் போகவே வேண்டாம். ஒரு வாரம் வெயிலில் கிடந்தாலும் நிறைவது சந்தேகம், சூட்டில் உள்ளே இருக்கும் லித்தியம் செல் கெடுவதுதான் மிச்சம்.

வாங்க வேண்டியவை: 20 வாட், 12 வோல்ட் பேனல், 12–24 வோல்ட் என்று எழுதிய சாதாரண கார் சார்ஜர், அது செருகும் சாக்கெட், 1 சதுர மி.மீ. இரட்டை வயர் 5 மீட்டர். ஒரு அடி யூஎஸ்பி கேபிள். 12 வோல்ட் பேனல் என்றாலும் எதையும் இணைக்காதபோது 22 வோல்ட் வரை காட்டும், அதனால்தான் 24 தாங்கும் சார்ஜர். ஃபாஸ்ட் சார்ஜர் வேண்டாம்; பேனலால் தர முடியாத அளவுக்குக் கரண்ட் இழுத்து, வோல்டேஜ் விழுந்து, அணைந்து அணைந்து எரியும்.

பேனலைச் சாக்கால் மூடிவிட்டு வயரை இணையுங்கள். பிளஸ் சாக்கெட்டின் நடு முனைக்கு, மைனஸ் பக்கவாட்டுக்கு. சாக்கை எடுத்து, பிளஸ், மைனஸ் மாறவில்லை என்று மல்ட்டிமீட்டரில் சரிபார்த்த பிறகே சார்ஜரைச் செருகுங்கள்.

பலர் தவறுவது வயரில். பேனல் மாடியில், பவர் பேங்க் வீட்டுக்குள் நிழலில் இருக்க வேண்டும்; லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. நீளமான வயர் பேனலுக்கும் சார்ஜருக்கும் நடுவே ஓடட்டும். அங்கே 1 ஆம்பியருக்கு 0.2 வோல்ட்கூட இழப்பு வராது. மாறாக, மெல்லிய யூஎஸ்பி கேபிளை 2 மீட்டர் இழுத்தால் ஒன்றரை ஆம்பியரில் 1 வோல்ட்டுக்கு மேல் போய்விடும்; 5 வோல்ட்டில் அது போனால் சார்ஜே ஏறாது.

பேனல் தெற்கு பார்த்து 10 டிகிரி சாயட்டும். வடக்கு ஓரத்தின் அடியில் ஒரு செங்கலைப் படுக்க வைத்தால் ஏறக்குறைய சரி. மே முதல் ஜூலை வரை நண்பகல் வெயில் வடக்கே நிற்பதால் செங்கலை எடுத்துவிடலாம். தென்னை ஓலை நிழல் மட்டும் படக் கூடாது. பேனலில் உள்ள சோலார் செல்கள் வரிசையாகக் கோர்த்தவை. ஒன்றை மறைத்தாலே மொத்தக் கரண்டும் சுருங்கும்.

மேகம் போனபின் சில பவர் பேங்க் தானாக மறுபடி ஏற்றாது, கழற்றிச் செருக வேண்டும். ஆனி, ஆடியில் இதே வேலையாகிவிடும். பேனலுக்கும் கார் சார்ஜருக்கும் நடுவில் சார்ஜ் கன்ட்ரோலரும் (பேட்டரியில் அளவுக்கு மேல் ஏறாமல் காப்பது) 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரியும் போட்டால் தொல்லை தீரும். கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணைக்க வேண்டும், பிறகு பேனலை; பேட்டரி பிளஸ்ஸை ஒட்டி 5 ஆம்பியர் ஃப்யூஸ்.

முட்டம், குளச்சல் போன்ற கடலோரத்தில் கண்ணாடியில் உப்பு படியும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடையுங்கள். வயர் முனைகளில் வாஸ்லின் தடவுங்கள். பவர் பேங்க் வீங்கினால் சார்ஜை உடனே நிறுத்துங்கள், குத்திப் பார்க்காதீர்கள்.