ஆண்டிபட்டி யார் கோட்டை? ஊர் ஓட்டைக் கணக்குப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேனி மாவட்டத்து ஆண்டிபட்டி என்றதும் 'இலைக் கோட்டை' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். 1984இல் எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனையில் இருந்தபடியே ஜெயித்த தொகுதி. 2002 இடைத்தேர்தலிலும் 2006இலும் ஜெயலலிதாவைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி. அதெல்லாம் சரி. 1989இல் ஜானகி ராமச்சந்திரன் தோற்றதும் இங்கேதான். அன்று ஜெயித்தது திமுக. 1996, 2019, 2021 தேர்தல்களும் அப்படியே. பெரிய தலைவர்கள் நின்ற வருஷங்களை மட்டும் நினைவில் வைத்து ஊருக்குச் சாயம் பூசுவது முதல் தவறு.

தொகுதியையும் ஊரையும் போட்டுக் குழப்புவது இன்னொன்று. ஆண்டிபட்டி தொகுதி கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு வரை போகிறது. பேரூராட்சி ஓட்டு அதில் ஒரு பங்குதான். ஊர் எப்படிப் போட்டது என்று தெரிய வேண்டுமானால் பூத்வாரி முடிவுத் தாளான படிவம் 20ஐ எடுக்க வேண்டும். தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தொகுதிவாரியாக இருக்கிறது. ஒவ்வொரு பூத்திலும் யாருக்கு எத்தனை, நோட்டா எத்தனை என்பது வரை அதில் கிடைக்கும். தெருப் பெயர் மட்டும் இருக்காது. அதற்கு அதே தேர்தலின் வாக்காளர் பட்டியல் வேண்டும். பட்டியல் பூத்வாரியாகப் பாகங்களாக இருக்கும்; ஒவ்வொரு பாகத்தின் முதல் பக்கத்திலும் எந்தெந்தத் தெருக்கள் என்று போட்டிருக்கும். பேரூராட்சிக்குள் வரும் பூத்களை மட்டும் கூட்டுங்கள். ஊர்க்கோடி பூத்தில் பக்கத்துக் கிராமமும் கலந்திருந்தால் அதை ஊர்க் கணக்கில் சேர்க்காமல் தனியே எழுதுங்கள்.

பூத் எண்ணை நம்பி இரண்டு தேர்தல்களை ஒப்பிட்டால் கணக்கு கந்தலாகும். கொரோனா காரணமாக 2021இல் பெரிய பூத்களைப் பிரித்து ஏராளமான துணை பூத்களைத் திறந்தார்கள். 2024இல் அந்த ஏற்பாடு இல்லை. 'இந்த பூத்தில் நமக்கு ஓட்டு இரட்டிப்பாகிவிட்டது' என்று மார்தட்டுவதற்கு முன், வாக்காளர் எண்ணிக்கையே இரட்டிப்பாகியிருக்கிறதா என்று பாருங்கள். தெருவைத் தெருவோடு வைத்துப் பார்ப்பதுதான் வழி.

சதவீதமும் இப்படித்தான் காலை வாரிவிடும். 1,000 பேர் உள்ள பூத்தில் 700 ஓட்டு விழுந்தால் 70 சதவீதம். இறந்தவர், ஊரை விட்டுப் போனவர் பெயர்களை நீக்கிப் பட்டியல் 850 ஆகி, 680 ஓட்டு விழுந்தால் 80 சதவீதம். போட்டவர் 20 பேர் குறைவு. பேப்பரில் 'எழுச்சி' என்று வரும். தமிழ்நாட்டில் 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கு (எஸ்.ஐ.ஆர்.) முந்தைய பட்டியலையும் பிந்தைய பட்டியலையும் வைத்துச் சதவீதம் பேசாதீர்கள். விழுந்த ஓட்டு எத்தனை என்று பேசுங்கள்.

எம்.பி. தேர்தல் ஓட்டை எம்.எல்.ஏ. கணக்கில் எழுதுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. 2019 ஏப்ரல் 18 அன்று தேனி மக்களவைத் தேர்தலும் ஆண்டிபட்டி, பெரியகுளம் இடைத்தேர்தல்களும் ஒன்றாக நடந்தன. ஒரே வரிசை, ஒரே விரலில் மை, இரண்டு ஓட்டு. எம்.பி. சீட்டை அதிமுக எடுத்தது. இரண்டு சட்டமன்றத் தொகுதிகளையும் திமுக எடுத்தது. அன்று திமுக கூட்டணிக்கு எம்.பி. இயந்திரத்தில் இருந்தது காங்கிரஸின் கை, எம்.எல்.ஏ. இயந்திரத்தில் உதயசூரியன். இரண்டு படிவங்களையும் அருகருகே வையுங்கள். ஒரு பூத்தில் கைக்கு 180, சூரியனுக்கு 260 என்றால், குறைந்தது 80 பேர் சூரியனுக்குப் போட்டுக் கைக்குப் போடாதவர்கள். அவர்களைத் 'திமுக ஓட்டு' என்பதா, 'வேட்பாளர் ஓட்டு' என்பதா? ஒரே தேர்தலை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

'சாதி பார்த்துத்தான் போடுவார்கள்' என்பவர்களுக்கும் அந்த இடைத்தேர்தலில் பதில் இருக்கிறது. திமுகவின் மகாராஜனும் அதிமுகவின் லோகிராஜனும் உடன்பிறந்தவர்கள். ஒரே வீடு, ஒரே சாதி. 2021இலும் இதே இருவர்தான் மோதினார்கள். சாதிக் கணக்கை மட்டும் வைத்திருந்தவர்களுக்கு அங்கே கணக்குப் போட எதுவுமே இல்லை.

அதிமுகவிலிருந்து பிரிந்த தினகரனின் அமமுக ஓட்டை அதிமுகவோடு அப்படியே கூட்டுவதும் வேண்டாம். தங்க தமிழ்ச்செல்வன் 2016இல் இலையில் ஆண்டிபட்டியில் ஜெயித்தார். 2019இல் அமமுகவின் பரிசுப்பெட்டியில் தேனி மக்களவைத் தேர்தலில் மூன்றாமிடம். 2024இல் உதயசூரியனில் தேனி எம்.பி. ஆனார். 2019இல் பரிசுப்பெட்டிக்கு விழுந்ததில் கட்சிக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு என்று கூட்டல் கணக்கு சொல்லாது.

தபால் ஓட்டு எந்த பூத்திலும் சேராது. படிவத்தின் அடியில் தொகுதிக்கு மொத்தமாக ஒரே வரிதான். தேர்தல் வேலைக்குப் போன ஊர் வாத்தியார்கள் பலரின் ஓட்டு அதற்குள் போயிருக்கும்.

பேரூராட்சித் தலைவர் எந்தக் கட்சியோ அதுதான் ஊரின் கட்சி என்றும் எண்ணாதீர்கள். தலைவரைத் தேர்ந்தெடுப்பது கவுன்சிலர்கள். ஒரு வார்டை வெல்லச் சில நூறு ஓட்டே போதும், சொந்தபந்தமே அதைத் திரட்டிவிடும். சுற்றியுள்ள கிராம ஊராட்சிகளில் தலைவர் தேர்தலுக்குக் கட்சிச் சின்னமே கிடையாது. அங்கே விழுந்த ஓட்டை எந்தக் கட்சியின் பக்கத்திலும் எழுத முடியாது.