நிரலுக்கு ஓர் இயங்குதளம், சோதனைக்கு இன்னொன்று

பாதுகாப்புச் சோதனை கற்க வருகிற இளைஞர்களில் பலர், மடிக்கணினியில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, சோதனைக் கருவிகள் நிறைந்த லினக்ஸ் வகையான காளி லினக்ஸை நிறுவிக்கொண்டு வருகிறார்கள். அவர்களுடைய ஆர்வம் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் அதை எடுத்துவிடச் சொல்வதுதான் என் முதல் வேலை. காளி நல்ல கருவிப்பெட்டி. அன்றாடம் குடியிருக்கத் தக்க வீடு அல்ல.

பேக்டிராக் என்ற பழைய சோதனை லினக்ஸின் வாரிசாக 2013இல் வந்த காளி, டெபியன் என்ற லினக்ஸின் சோதனைக் கிளையை, அதாவது அடுத்த பதிப்புக்கு ஆயத்தமாகும் கிளையை, அடியாகக் கொண்டது. புதிய பதிப்புகள் இடைவிடாமல் வந்துகொண்டே இருக்கும். இன்று மேம்படுத்தினால் பைத்தான் பதிப்பு மாறலாம். நேற்றுவரை ஓடிய உங்கள் நிரல் நின்றுபோகலாம். லினக்ஸுக்குப் புதியவர்களும் பொதுப் பயன்பாட்டுக்கு இயங்குதளம் தேடுபவர்களும் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று காளியின் ஆவணங்களே சொல்கின்றன.

எனக்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சோதனை செய்கிறவர் முன்பின் தெரியாதவர்கள் எழுதிய தாக்குதல் நிரல்களை, பல நேரங்களில் ரூட் என்ற முழு அதிகாரத்தோடு, ஓட்டிப் பார்க்கிறார். அதே கணினியில் பிற கணினிகளுக்குள் நுழைய உதவும் அவருடைய எஸ்எஸ்எச் சாவிகள், நிறுவனத்தின் மூலநிரல், உலாவி சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் இருந்தால், அந்த நிரல்களில் ஒன்று கெட்டதாக இருந்தாலே போதும், அத்தனையும் போய்விடும். பிறருடைய பாதுகாப்பைச் சோதிக்கிறவர் தம் கதவைத் திறந்து வைக்கலாகாது. ஆகவே இரண்டையும் பிரித்துவிடுங்கள்: அன்றாட வேலைக்கு ஒரு முதன்மை இயங்குதளம், சோதனைக்கு அதற்குள் மெய்நிகர் இயந்திரத்தில், அதாவது மென்பொருளாலான ஒரு தனிக் கணினியில், ஓடும் காளி.

முதன்மை இயங்குதளமாக டெபியனின் நிலையான பதிப்பான ஸ்டேபிளையோ உபுண்டு லினக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பான எல்டிஎஸ்ஸையோ வையுங்கள். எல்டிஎஸ் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. ஐந்து ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட்டில் நிரல் எழுதுபவரும், நிறுவனப் பயனர்களையும் கணினிகளையும் நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியை அன்றாடம் கையாள்பவரும் விண்டோஸிலேயே இருக்கலாம், அதில் குறைவொன்றும் இல்லை. லினக்ஸ் கட்டளைகளுக்கு, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2 கைகொடுக்கும். ஆப்பிளின் எம் வரிசைச் சில்லு உள்ள மேக் என்றால், அந்தச் சில்லின் வகையான ஏஆர்எம்முக்குரிய இயங்குதளங்களைத்தான் மெய்நிகர் இயந்திரத்தில் வேகமாக ஓட்ட முடியும். தாக்கிப் பழகுவதற்கான பழைய இலக்குக் கணினிகள் பெரும்பாலும் இன்டெல் வகையைச் சேர்ந்தவை. இன்டெல் சில்லைப் போலச்செய்து அவற்றை ஓட்டினால் நத்தை வேகம்தான். வாங்குவதற்கு முன்பே இதை எண்ணிப் பாருங்கள்.

காளியை அதன் அதிகாரப்பூர்வத் தளத்தில் கிடைக்கும் ஆயத்த மெய்நிகர் இயந்திரமாக இறக்குங்கள். கோப்பு மாறாமல் வந்திருக்கிறதா என்று காட்டும் எஸ்எச்ஏ256 மதிப்பைச் சரிபார்த்த பிறகே திறங்கள். கணினியில் 16 ஜிபி நினைவகம் இருந்தால் காளிக்கு 4 ஜிபி ஒதுக்கலாம். 8 ஜிபிதான் என்றால் 2 ஜிபியோடு தொடங்குங்கள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இரண்டுமே kali என்றுதான் வரும். உள்ளே நுழைந்த உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள். பிறகு எல்லாவற்றையும் புதுப்பித்து, அந்த நிலையை அப்படியே சேமிக்கும் ஸ்னாப்ஷாட் ஒன்று எடுங்கள். ஒவ்வொரு பணிக்கும் அந்தத் தூய நிலையிலிருந்து ஒரு நகல் உருவாக்குங்கள். அறிக்கை கொடுத்து முடித்ததும் நகலை அழித்துவிடுங்கள். ஒரு வாடிக்கையாளரின் தரவு அடுத்தவருடைய பணிக்குள் கலக்க இதில் வழியே இல்லை.

வலையமைப்பு அமைப்பில்தான் நான் மிகவும் கண்டிப்பாக இருப்பேன். மெட்டாஸ்ப்ளாய்ட்டபிள் 2 போன்ற பயிற்சி இலக்குகள் வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்யப்பட்டவை. அவற்றை உங்கள் கணினிக்குள்ளேயே அடங்கும் ஹோஸ்ட்-ஒன்லி வலையமைப்பில் மட்டும் வையுங்கள். மெய்நிகர் இயந்திரத்தை வெளி வலையமைப்போடு நேரடியாக இணைக்கும் பிரிட்ஜில் போட்டால் அக்கம்பக்கத்துக் கணினிகளெல்லாம் அவற்றைத் தொட முடியும். காளிக்கு இரண்டு இணைப்புகள் கொடுங்கள்: இணையத்துக்கு, உங்கள் கணினியின் முகவரி வழியே வெளியே செல்லும் நாட்; இலக்குகளுக்கு ஹோஸ்ட்-ஒன்லி. எழுத்துபூர்வ அனுமதியோடு உண்மையான வலையமைப்பை என்மேப் என்ற ஸ்கேன் கருவியால் அலசும்போது மட்டும் காளியைப் பிரிட்ஜுக்கு மாற்றுங்கள், ஏனெனில் நாட் வழியே செல்லும் ஸ்கேன் முடிவுகளை நம்ப முடியாது.

மெய்நிகர் இயந்திரம் கைவிடும் இடங்களும் உண்டு. வைஃபை சோதனைக்கு மடிக்கணினியின் உள் அட்டை காளியின் கண்ணுக்கே தெரியாது. ஏஆர்9271 போன்ற சில்லு உள்ள யுஎஸ்பி அடாப்டர் வேண்டும், அல்லது யுஎஸ்பியிலிருந்து காளியை நேரடியாகத் துவக்க வேண்டும். கடவுச்சொற்களை உடைத்துப் பார்க்கும் ஹாஷ்கேட்டுக்கு வரைகலை அட்டையின் வலு தேவை. அதை முதன்மை இயங்குதளத்திலேயே ஓட்டுங்கள்.

காளியைப் போன்ற பிற சோதனை லினக்ஸ்களான பேரட், பிளாக்ஆர்ச் பற்றியும் கேட்பார்கள். பேரட் இலகுவானது, பிடித்தால் காளியின் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்ச் லினக்ஸோடு ஏற்கெனவே பழகியவருக்குத்தான் பிளாக்ஆர்ச். ஆனால் கருவிகளுக்கு ஆசைப்பட்டு உபுண்டுவிலோ டெபியனிலோ காளியின் மென்பொருள் களஞ்சியத்தைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். நூலகப் பதிப்புகள் ஒன்றோடொன்று மோதி இயங்குதளமே குலைந்துவிடும். என்மேப், வயர்ஷார்க் போன்றவை உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்திலேயே இருக்கின்றன. பைத்தான் கருவிகளுக்கு, அவற்றைத் தனித்தனியாக நிறுவும் பிப்எக்ஸ் இருக்கிறது.

லினக்ஸை நிறுவும்போதே வட்டு முழுவதையும் லினக்ஸின் வட்டு மறையாக்க முறையான எல்யூகேஎஸ் கொண்டு மறையாக்கம் செய்துவிடுங்கள். பிறகு செய்யலாம் என்று தள்ளிப்போட்டால், பெரும்பாலும் எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவ வேண்டியிருக்கும்.